அந்தப் பொத்தானை அமுக்கிய விரல்

குளுவாங்கில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகக் கிராணி வேலை பார்க்கிறேன். நிலத் தகராறு, விவாகரத்து, கார் மோதல், அண்ணன் தம்பி சண்டை என்று எல்லாவற்றுக்கும் வாக்குமூலம் தட்டச்சு செய்தது இந்தக் கைதான். பொய் சொல்லப்போகிறவர் நாற்காலியை இழுத்து உட்காரும் விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன். தங்கராஜு விஷயத்தில் அந்தப் பீற்றல் ஒன்றுக்கும் உதவவில்லை. அவர் பொய்யே சொல்லவில்லை. முழுக்க முழுக்க உண்மையைச் சொல்லியே ஒரு பெண்ணின் தலையில் பழியை இறக்கி வைத்தார். அதற்குக் கை கொடுத்தவள் நான்.

தங்கராஜு ரெங்கத்துக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர் சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்தார். மேசை துடைப்பதில் ஆரம்பித்து, இரண்டு கையில் ஏழு தட்டு ஏந்தும் அளவுக்கு வந்தார். முட்டி வலி வந்த பிறகு இந்தப் பக்கம் திரும்பி, ரூபேந்திரனின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கேப்டனாக, அதாவது பரிமாறுகிறவர்களுக்குத் தலைவராகச் சேர்ந்தார். ரூபேந்திரன் முதலாளி. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் தேடுவது தங்கராஜுவை.

தேடுவதற்குக் காரணம் இருந்தது. மீன் நேற்றையது என்றால், "நேத்து மீனு சார், இன்னிக்கு வேணாம்" என்று வாய் கூசாமல் சொல்வார். முதலாளி கல்லாவில் இருந்து முறைப்பார். தங்கராஜு கண்டுகொள்ளமாட்டார். ஒரு தடவை என் இலையில் வைத்த கூட்டில் உப்பு கூடிப்போனதைப் பரிமாறும்போதே சொல்லி, தொட வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு போனார். அப்படி ஒரு மனிதர் சொல்வதை எதற்காகச் சந்தேகப்படுவது? யாரும் சந்தேகப்படவில்லை. வந்த வினையே அதுதான்.

கோவிட் அடங்கிக் கடைகள் திறந்தபோது வேலைக்கு ஆள் இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் பெர்மிட் கிடைக்காமல் ரூபேந்திரன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். கடைசியில் கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்திடம் வாடகைக்கு ஒரு ரோபோவை எடுத்தார். நான்கு தட்டு அடுக்கு, கீழே சக்கரம், மேலே திரையில் பூனை முகம், அதன் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் காது. அந்த முகத்துக்கு மேல், சரியாக நெற்றி இருக்கவேண்டிய இடத்தில், கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. அதுதான் கேமரா. குறுக்கே ஆள் வந்தால் பார்த்து நிற்பது அதன் வேலை. சாம்பார் வாளி, ரசம், சோறு எல்லாவற்றையும் சமையலறையிலிருந்து மேசைவரை கொண்டுவரும். "தும்பாங் லாலு" என்று மலாயில் வழி கேட்கும். தமிழ்க் கடையில் வேலை செய்துகொண்டு தமிழ் தெரியாத ஒரே ஊழியர் அதுதான்.

"கையில்லாதவன் என்னத்தப் பரிமாறுவான்?" என்று தங்கராஜு முதல் வாரம் முழுக்கக் கேலி செய்தார். பிறகு அவரே அதற்குக் குட்டி என்று பெயர் வைத்தார். வாடிக்கையாளர் யாராவது அதன் காதைத் திருகினால் கோபித்துக்கொண்டார்.

குட்டியை ஓட்டக் கற்றுக்கொண்டவள் மலர். தங்கராஜு பிறந்த அதே தோட்டத்துப் பெண், அவர்தான் கடையில் சேர்த்துவிட்டார். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். இங்கிலீஷ் பேசுகிறவர்கள் வந்தால் பின்கட்டுக்கு ஓடிவிடுவாள். ஆனால் நிறுவனத்து ஆள் வந்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தபோது, முதல் நாளிலேயே எல்லாப் பொத்தானும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. சக்கரத்தில் முடி சிக்கினால் எடுப்பாள், தரை வரைபடத்தில் மேசையை மாற்றி வைப்பாள், காலையில் அதற்கென்று கொடுத்த துணியால் கேமராவைத் துடைத்துத் தாளில் கையெழுத்துப் போடுவாள். நிறுவனம் அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது. ரூபேந்திரன் சிம்பாங் ரெங்கத்தில் இரண்டாவது கடை திறப்பதாக இருந்தார். அங்கே மூன்று ரோபோ, அவற்றுக்குப் பொறுப்பாக மலர் என்று முடிவாகியிருந்தது. நாற்பது வயதில் முதன்முறையாக அவளுக்கு ஒரு பதவி வரப்போகிறது என்று கடையில் எல்லோரும் கிண்டலடித்தார்கள். தங்கராஜு அவளை "ஆபிசர்" என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

அந்த வருட ஆயுத பூசையில்தான் எல்லாம் நடந்தது. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். ஆனால் இதில் பாதியைத் தங்கராஜு எனக்குச் சொன்னது இரண்டு வருடம் கழித்து. இதைப் படிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஆட்கள் ஆயுத பூசையில் எதைத்தான் விட்டுவைக்கிறோம்? கிரைண்டர், அடுப்பு, பெரிய ஃப்ரிஜ், கல்லா, பொருள் ஏற்றும் வேன் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். குட்டிக்கும் மாலை போட்டார்கள். நெற்றியில் பொட்டு வைத்தார்கள். கற்பூரம் காட்டி முடித்ததும் மலர் மாலையைக் கழற்றி, அந்தத் துணியை எடுத்து, கண்ணாடி பளிச்சென்று ஆகும்வரை துடைத்தாள். திரையில் பச்சை விளக்கு வந்த பிறகுதான் தாளில் கையெழுத்துப் போட்டாள். கடை திறந்தார்கள்.

மதியம் பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் ஏறிவிட்டது. நவராத்திரி என்பதால் சைவச் சாப்பாட்டுக்கு வாசல்வரை ஆள். கிரைண்டருக்குப் பொட்டு இருக்கிறது, கல்லாவுக்குப் பொட்டு இருக்கிறது, குட்டி மட்டும் வெறும் நெற்றியோடு சுற்றுவது தங்கராஜுவின் கண்ணை உறுத்தியது. பூசை நாளில், சாமி கும்பிட்ட வீட்டில், ஒரு முகம் மட்டும் வெறுமையாக இருந்தால் அவருக்குத் தாங்கவில்லை. சாமி படத்தின் கீழ்க் கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை ஒரு விரலில் தொட்டு, போகிற போக்கில் அதன் நெற்றியில் வைத்துவிட்டார். யாரும் பார்க்கவில்லை. அவரே அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

குட்டி சமையலறை வாசலில் நின்றுவிட்டது. கேமரா அழுக்காக இருக்கிறது என்று திரையில் வந்தது. கீழே இரண்டு பொத்தான். ஒன்று நிறுத்துவதற்கு, இன்னொன்று "தெருஸ்கான்", அதாவது தொடர்ந்து போ. பின்னால் இருபது இலை காத்திருக்கிறது, சோறு ஆறுகிறது. தங்கராஜு தோளில் கிடந்த துண்டால் சந்தனத்தை ஒரு இழுப்பு இழுத்தார். நெய்யும் எண்ணெயும் ஊறிய துண்டு. பொட்டு போய்விட்டது, மெல்லிய மஞ்சள் பூச்சு கண்ணாடி முழுக்கப் படர்ந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தெருஸ்கானை அமுக்கினார். குட்டி போனது.

இருபது நிமிடம் கழித்து, கைகழுவிவிட்டு மேசைக்குத் திரும்பிய செல்லப்பாக்கியம் அம்மாள் மேல் அது மோதியது. எழுபத்து நான்கு வயது, இந்த ஊர் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஊசி போட்டவர். கொதிக்கும் ரச வாளி அவர் காலில் கொட்டியது. விழுந்ததில் இடுப்பெலும்பு உடைந்தது. முதலில் ஓடிப்போய்த் தூக்கியவள் மலர். அவள் கையிலும் ரசம் பட்டுக் கொப்புளம் வந்தது. பூனை முகம் சிரித்துக்கொண்டே "மாஃப், தும்பாங் லாலு" என்று சொல்லிக்கொண்டிருந்ததாம். யாரோ அதன் முதுகில் இருந்த சுவிட்சை அடித்து நிறுத்தினார்கள்.

செல்லப்பாக்கியம் அம்மாள் அதன் பிறகு நடக்கவில்லை.

மறுநாள் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தான். கேமராவைப் படம் எடுத்தான், குட்டியின் வயிற்றிலிருந்த பதிவைக் கணினியில் இறக்கினான். பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்குச் சமையலறை வாசலில் எச்சரிக்கை வந்தது, பதினோரு விநாடியில் தெருஸ்கான் அமுக்கப்பட்டது என்று அதில் இருந்தது. அமுக்கிய விரல் யாருடையது என்று அதற்குத் தெரியாது. தெரியவேண்டும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை.

ரூபேந்திரன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். முதலில் மலரிடம்தான் கேட்டார். குட்டி அவள் பொறுப்பு அல்லவா?

"நீதான் அமுக்கினியா மலரு?"

அவள் கையில் கட்டோடு நின்றாள். "தெரியல முதலாளி. ஒரு நாளைக்கு நூறு தடவ அமுக்குறேன். அமுக்கியிருப்பேன்."

அவள் சொன்னது நேர்மையான பதில். நூறு தடவை அமுக்குகிறவளுக்கு ஒரு தடவை எப்படி ஞாபகம் இருக்கும்? அவளுக்குப் பக்கத்தில் தங்கராஜு நின்றிருந்தார். பதில் கிடைத்துவிட்டது என்று ரூபேந்திரன் அவரிடம் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன் என்று பிறகு என்னிடம் சத்தியம் செய்தார். நான் நம்புகிறேன். ஆனால் கேட்காவிட்டால் சொல்லக்கூடாது என்று யார் அவருக்குச் சட்டம் போட்டது?

அம்மாளின் மகன் தேவானந்தன் கடைமீதும் நிறுவனத்தின்மீதும் வக்கீல் நோட்டீஸ் விட்டார். கடைத் தரப்பை எங்கள் அலுவலகம் எடுத்துக்கொண்டது. இந்த மாதிரி ஒரு வழக்கை எங்கள் வக்கீல் அதுவரை பார்த்ததில்லை. நாய் கடித்தால் சொந்தக்காரரைப் பிடிக்கலாம், லாரி மோதினால் ஓட்டுநரைப் பிடிக்கலாம். இது தானாக நடக்கிறது, தானாகத் திரும்புகிறது, மோதிய பிறகு மன்னிப்பும் கேட்கிறது. யாரைப் பிடிப்பது?

நிறுவனம் சொன்னது, எங்கள் இயந்திரம் எச்சரித்தது, மனிதன் மீறினான், எனவே மனிதன்தான் பொறுப்பு. எங்கள் வக்கீல் சொன்னார், கண் தெரியவில்லை என்று தனக்கே தெரிந்த இயந்திரம் நகரக் கூடாது, ஒரு சாப்பாட்டுக்கடை ஊழியரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போகும்படி அதைச் செய்தவன்தான் பொறுப்பு. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் நான் அதைத்தான் நம்புகிறேன். கூட்ட நேரத்தில் பரிமாறுகிறவன் கையில் அப்படி ஒரு பொத்தானைக் கொடுத்தால் அவன் அமுக்கத்தான் செய்வான். நானாக இருந்தாலும் அமுக்குவேன்.

ஆனால் எல்லாத் தரப்புக் காகிதத்திலும் ஒரு கட்டம் இருந்தது, இயக்கியவர் பெயர் என்று. இன்சூரன்ஸ் படிவத்தில் இருந்தது, நிறுவனத்தின் விபத்து அறிக்கையில் இருந்தது. கட்டம் என்று ஒன்று இருந்தால் யாராவது அதற்குள் விழுந்தே ஆகவேண்டும்.

தங்கராஜு வாக்குமூலம் கொடுக்க வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். வக்கீல் கேள்வி கேட்க, நான் தட்டச்சு செய்தேன்.

காலையில் கேமராவைத் துடைக்கும் பொறுப்பு யாருடையது? மலருடையது. அன்று பூசைக்குப் பிறகு பொட்டைத் துடைத்தது யார்? மலர். எச்சரிக்கை வந்தால் பொத்தானை அமுக்கப் பயிற்சி பெற்றவர் யார்? மலர். மற்றவர்களுக்குப் பயிற்சி உண்டா? இல்லை.

ஒவ்வொரு பதிலும் உண்மை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நான்காவது பதிலுக்குப் பிறகு அவர் முன்னால் சாய்ந்து, "ஆனா மேடம், அதுக்கப்புறம் நானு..." என்று ஆரம்பித்தார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், வக்கீலைப் பார்த்து இல்லை. அவர் கடையில் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறேன், அந்த உரிமை. அன்று காலையிலிருந்து எனக்கு அது ஐந்தாவது வாக்குமூலம். பசி வேறு. வருகிறவர்கள் எல்லோரும் கேட்காததைச் சொல்லி, நான் தட்டச்சு செய்ததை மறுபடி அழிக்க வைப்பார்கள். அதனால் எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க தங்கராஜு. கூடச் சொன்னா நமக்குத்தான் பிரச்சின."

வக்கீல் தலையாட்டினார். தங்கராஜு பின்னால் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தில் நான் பார்த்தது நிம்மதி. அதை நான் அன்றே கவனித்தேன். பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிப்பேன் என்று பீற்றிக்கொண்ட எனக்கு, உண்மையை விழுங்கி நிம்மதி அடைகிறவரை அடையாளம் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயற்சி செய்யவில்லை என்பதுதான் சரி. இரண்டு பக்கத்தையும் அச்செடுத்துக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்று மாலையே இன்சூரன்ஸுக்கும் நிறுவனத்துக்கும் போகும் காகிதங்களில், இயக்கியவர் என்ற கட்டத்துக்குள் மலரின் பெயரை அடித்தேன்.

வழக்கு நீதிபதி முன்னால் போகவேயில்லை. கடையும் நிறுவனமும் அம்மாள் வீட்டோடு பேசி முடித்துக்கொண்டார்கள். யாரும் தவறை ஒப்புக்கொள்ளவில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். இயந்திரமா மனிதனா என்ற கேள்விக்குச் சட்டம் வாய் திறக்கவில்லை. கேள்வியை மடித்துக் கோப்பில் வைத்துக் கட்டிவிட்டோம். இந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு எத்தனை கோப்புகள் இப்படிக் கட்டிக் கிடக்கின்றனவோ தெரியாது.

ஆனால் கட்டத்துக்குள் எழுதிய பெயர் அப்படியே நின்றது. இனி மலர் எங்கள் இயந்திரங்களை இயக்கக்கூடாது, வேறு ஆளைப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. சிம்பாங் ரெங்கம் கடைக்கு வேறு ஒருவரைப் போட்டார்கள். மலரைப் பாத்திரம் கழுவ அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழுவினாள். பிறகு ஒரு நாள் வரவில்லை.

குட்டி மட்டும் அடுத்த மாதமே புதுக் கண்ணோடு வேலைக்கு வந்துவிட்டது. அதற்கு என்ன வெட்கம்?

அதற்குப் பிறகு கடைக்குப் போனபோதெல்லாம் தங்கராஜு ஒரு விசித்திரம் செய்வதைப் பார்த்தேன். குட்டி சமையலறையை விட்டுக் கிளம்பினால் அவர் பின்னாலேயே நடப்பார். மேசைவரை போய், திரும்பவும் அதன் பின்னாலேயே வருவார். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். "என்ன கேப்டன், ரோபோவுக்கு நீங்க அசிஸ்டனா?" என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன். அடுத்த ஆயுத பூசைக்கு முதலாளியையே பொட்டு வைக்கச் சொல்லிவிட்டு, வேன் கழுவப் போவதாகப் பின்பக்கம் போய்விட்டார். அவர் பேச்சும் குறைந்தது. நேற்று மீனா இன்று மீனா என்று கேட்டால், "சமையக்காரரக் கேளுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற வருடம், ஒரு மதிய நேரத்தில், வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தபோது அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரவில்லை.

"மேடம், அன்னிக்கு நான் ஒன்னு சொல்ல வந்தேன். நீங்க வேணான்னுட்டிங்க."

"என்னது?"

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சந்தனக் கிண்ணம், துண்டு, பொத்தான் எல்லாம். நான் குறுக்கே பேசவில்லை. அந்த ஒரு நாள் குறுக்கே பேசிய வாய் அது. அவர்மேல் கோபமா, என்மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"ஏன் இப்ப சொல்றீங்க?"

"மலர சிம்பாங் ரெங்கம் பசார்ல பாத்தேன். எங்க வேலை செய்றேன்னு கேட்டேன். கோழி பேக்கிங் பேக்டரியாம். மெசினு பக்கம் போட்டாங்களாம், கையால அடுக்குற வேலையா குடுங்கன்னு கெஞ்சி வாங்கிக்கிட்டாளாம். பொத்தான் இல்லாத வேலையா வேணும்னாளாம், மேடம். சிரிச்சிக்கிட்டே சொல்றா." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் புள்ளதான் அத முழுசா கத்துக்கிட்டது. நான் பாத்துக்கிட்டே நின்னேன்."

புதிதாக ஒரு சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், எங்கே வேண்டுமானாலும் கொடுங்கள் என்றார். மாலையில் வக்கீலிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்துத்தான் சொன்னார்.

"யார்கிட்ட குடுக்குறது, கோமளா? கேஸே இல்லயே. ரெண்டு தரப்பும் முடிச்சாச்சு. அந்த மலர் மேல கேஸ் போட்டிருந்தா விடுவிக்கலாம். யாருமே அவங்களக் குத்தவாளின்னு சொல்லலயே."

அது உண்மைதான். அவளை யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஒரு கட்டத்துக்குள் பெயரை எழுதினோம், அவ்வளவுதான். சொல்லாத குற்றத்திலிருந்து ஒருத்தியை எப்படி விடுவிப்பது? நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். அந்த மாடல் இப்போது எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது.

மிச்சம் இருந்த ஒரே ஆள் மலர். அவளிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று தங்கராஜு முடிவு செய்தார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, நீங்களும் வரவேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்கு என் காரில் போனோம். வழி முழுக்க அவர் சொல்லவேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவள் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். திட்டினால் திட்டட்டும் என்றார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது இரண்டு முறை தடுமாறினார்.

மலர் அப்போதுதான் வெளியிலிருந்து வந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். எங்களைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம். கடையில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தாள். பாலில்லாத தேநீராகத் தே ஓ கலந்து கொண்டுவந்து வைத்தாள்.

"காலையில குளுவாங்லதான் இருந்தேன் மேடம். முன்னாடியே தெரிஞ்சிருந்தா உங்க கூடவே வந்திருப்பேன். செல்லப்பாக்கியம் அம்மாவுக்குத் தலைக்கு ஊத்திவிட ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போவேன். நான் பண்ணுனதுக்கு இதாவது செய்யலன்னா எப்படி? மொதல்ல அவங்க மகன் உள்ளயே விடல. இப்ப அம்மாவே கேக்குறாங்க, மலரு வரலையான்னு."

தங்கராஜு கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"மலரு, அத அமுக்கினது நீ இல்ல. நானு."

முழுக்கச் சொன்னார். நன்றாகவே சொன்னார், காரில் முணுமுணுத்ததைவிடத் தெளிவாக. பொட்டு வைத்தது, துடைத்தது, அமுக்கியது, வாக்குமூலத்தில் வாயை மூடிக்கொண்டது. மலர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் வருமென்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. குழந்தை பேசுவதைக் கேட்கிறவள் மாதிரி லேசாகச் சிரித்தாள்.

"ஐயோ அண்ணே, இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க? எனக்கு நல்லா ஞாபகம் இருக்குலா. ஏழாம் நம்பர் மேசகிட்ட நின்னுச்சு. என் இடது கையில ரச வாளி. சீக்கிரம் போன்னு சொல்லிக்கிட்டே அமுக்குனேன். இந்த வெரலுதான்." வலது கை ஆள்காட்டி விரலை எங்களுக்குக் காட்டினாள். "ராத்திரி படுத்தா அதுதானே வருது. மறக்குமா?"

விபத்து நடந்த மறுநாள் தெரியாது என்று சொன்ன பெண். இரண்டு வருடத்தில் மேசை எண்ணோடு ஞாபகம் வந்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து அவளிடம் சொன்னதை, அவள் தன் கையால் கட்டி முடித்திருக்கிறாள்.

"இல்லம்மா மலர்," என்றேன். "அது ஏழாம் மேசையில நிக்கல. சமையக்கட்டு வாசல்ல நின்னுச்சு. ரிப்போர்ட்ல அப்படித்தான் இருக்கு. நானே படிச்சேன்."

"ரிப்போர்ட்ல என் பேருதானே மேடம் இருக்கு?"

அந்தப் பெயரைக் கட்டத்துக்குள் அடித்தது நான்.

தங்கராஜு நாற்காலியை விட்டு இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "சத்தியமா நாந்தாம்மா. என் புள்ளைங்க மேல சத்தியமா."

மலர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். அவள் கண்ணிலும் தண்ணீர். "சத்தியமெல்லாம் பண்ணாதீங்கண்ணே, புள்ளைங்க மேல. பாவம் வரும். அன்னிக்கு வக்கீல் ஆபிசுல நீங்க உள்ளத உள்ளபடி சொன்னீங்க. எனக்கு வருத்தமே இல்ல. தெரிஞ்ச ஆளுன்னு பாக்காம உண்மையச் சொன்னாருன்னு எல்லார்கிட்டயும் உங்களப் பத்திப் பெருமையாத்தான் சொல்லுவேன். இன்னிக்கு என் மேல எரக்கப்பட்டு வந்து பொய் சொல்றீங்க. உங்களுக்கு அது வரவே இல்லண்ணே. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

ஆறிப்போன தே ஓவைக் குடித்து முடித்தோம். மலர் கார்வரை வந்தாள். என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொல்லி, அண்ணன் உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கிறது, பார்த்துக் கூட்டிப்போங்கள் என்றாள். பிறகு அந்தப் பக்கம் போய், குனிந்து, அவருக்கு நன்றி சொன்னாள்.